குளித்துவிட்டு வந்தால் கண் மங்குகிறது, எம்.எஸ். கூடுகிறதா?

கேள்வி: ஏப்ரல் 3, காலை 7.10

எம்.எஸ். (மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறை உரிகிற நோய்) என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே வந்தால் இடது கண்ணில் புகை மூட்டம் மாதிரி ஒரு மறைப்பு. அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. வேகமாக நடந்தாலும் இதேதான், கூடவே இடது காலும் இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. குளிக்கவே பயமாக இருக்கிறது அக்கா. வெயில் இந்த நோய்க்கு விஷம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமா?

ஏப்ரல் 3, இரவு 9.40

ஒரு நரம்பும் சாகவில்லை தம்பி. குளியுங்கள். தண்ணீரின் சூட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது பதினான்காவது வருடம். நீங்கள் சொல்வதற்கு உஹ்தாஃப் நிகழ்வு என்று பெயர். வில்ஹெல்ம் உஹ்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் எழுதிவைத்தது. அவர் பார்த்த எம்.எஸ். நோயாளிகளில் சிலருக்கு உடம்பை வருத்தி ஏதாவது செய்தால் பார்வை மங்கியது, ஓய்வெடுத்தால் திரும்பியது. மனிதர் உழைப்பைத்தான் காரணமாக நினைத்தார். உழைப்பால் ஏறுகிற உடம்புச் சூடு செய்த வேலை அது என்பது பிறகுதான் தெரிந்தது. காரணத்தைத் தவறவிட்டவர் பெயரே நிலைத்துவிட்டது. கொடுத்துவைத்தவர்.

உள்ளே நடப்பது இதுதான். நரம்பில் செய்தி ஒரே சீராக ஓடுவதில்லை, தாவித் தாவிப் போகிறது. மயலின் என்ற கொழுப்பு உறை நரம்பைச் சுற்றியிருக்கும், நடுநடுவே சின்னச் சின்ன இடைவெளி விட்டு. ஓர் இடைவெளியில் சோடியம் கதவுகள் திறக்கும், மின்துடிப்பு எழும், அடுத்த இடைவெளிக்குத் தாவும். ஆற்றில் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கிற மாதிரி. நல்ல நரம்பில் ஒரு தாவலுக்கு வேண்டியதைப் போல் பல மடங்கு உந்துதல் கையிருப்பில் இருக்கும். உறை உரிந்த இடத்தில் மின்சாரம் கசிந்துவிடுவதால் மிச்சமிருக்கிற உந்துதல் அடுத்த கல்லை எட்டியும் எட்டாமலும் நிற்கும். உடம்பு சூடானால் அந்தச் சோடியம் கதவுகள் இன்னும் சீக்கிரம் சாத்திக்கொள்கின்றன, துடிப்பு குறுகிப்போகிறது. தாவினால் தண்ணீரில்தான் விழ வேண்டும். சிலருக்கு உள்சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே இந்தக் கதிதான். சூடு இறங்கியதும் அதே கல்லை மறுபடி எட்டிவிடலாம். கல் எங்கும் போய்விடவில்லை.

எம்.எஸ். உள்ளவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் உண்டு. ஆக, வெயில் விஷம் கிடையாது. நிம்மதியாக இருங்கள்.

(இந்தக் கடைசி வரியை மட்டும் ஏப்ரல் 21 குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். பிறகு சேர்த்தது.)

ஏப்ரல் 4, மதியம் 1.15

"நிம்மதியாக இருங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். நான் இருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும்.

நோய் தெரிந்த முதல் வருடம். உடம்பு முழுக்க வலி. வெந்நீரில் நின்றால் இதமாக இருக்கும் என்று தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றேன். இதமாகத்தான் இருந்தது, ஏழெட்டு நிமிடம். ஹீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது முதலில் செங்கல் நிறமானது, பிறகு காய்ந்த மண் நிறம், பிறகு வெறும் வெளிச்சப் புள்ளி. விளக்குதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தால் நல்ல சிவப்பு. வலது கண்ணை மூடிப் பார்த்தால் மண். இப்படி மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் துணி மாதிரி மடிந்துவிட்டது. குழாயை மூடலாம் என்றால் நீட்டிய கை குழாயைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தட்டியது. விழுந்ததற்குக் காரணமான வெந்நீர் நிற்காமல் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது, எழுந்திருப்பது எப்படி?

கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு ஓடினார். வழியெல்லாம் தலையில் ஈரத் துணி, ஜன்னல் காற்று. போய்ச் சேர்ந்து, சீட்டு எழுதி, காத்திருந்து, டாக்டர் கூப்பிட்டபோது நானே எழுந்து நடந்து உள்ளே போனேன். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. என்னைத் தூக்கியதில் இவருக்கு இடுப்பு பிடித்திருந்தது, நோயாளி மாதிரி நின்றது இவர்தான். திரும்பும்போது பையைத் தூக்கி வந்தது நான்.

அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடுவதில்லை. நின்று குளிப்பதும் இல்லை.

ஏப்ரல் 4, மாலை 6.00

முக்கியமானதை விட்டுவிட்டேன். எந்தக் கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்? எனக்கு இடது கை பாதி மரத்தது. அன்றைக்கு அந்தக் கையை நீட்டித்தான் "வெதுவெதுப்பு" என்று முடிவுகட்டினேன். வலது கையால் பார்த்திருந்தால் ஐயோ என்று இழுத்திருப்பேன். உணர்ச்சி சரியாக இருக்கிற கையை நம்புங்கள். இரண்டுமே சரியில்லை என்றால் தெர்மாமீட்டர், அல்லது உடன் இருப்பவர் கை.

ஏப்ரல் 5, காலை 8.30

"எனக்கு எம்.எஸ். இருக்குமோ என்று சந்தேகம். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். ஒரு காலத்தில் மருத்துவமனையிலேயே இதைச் செய்தார்கள். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் சந்தேகப்பட்டவரை வெந்நீரில் உட்காரவைத்து, கண் மங்குகிறதா, கால் தளர்கிறதா என்று பார்ப்பார்கள். தளர்ந்தால் எம்.எஸ். என்ற பக்கம் சாய்வார்கள். 1980களில் எம்.ஆர்.ஐ. வந்த பிறகு அந்த முறை வழக்கொழிந்தது. ஒழிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரிதாகச் சிலருக்கு மங்கிய பார்வையும் தளர்ந்த காலும் உடனே திரும்பாமல் போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதே அப்படி. நீங்கள் தனியாகத் தொட்டியில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இதை எழுதும்போதே ஏப்ரல் 3 அன்று நான் சொன்ன "நிம்மதி" கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பெரும்பாலும் திரும்பும் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, இரவு 10.20

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. குளியலறைக் கதைக்குப் பிறகு இரண்டு மாதம் விடாமல் எழுதினேன். ஒரு நாளைக்கு நாலு முறை: உடம்புச் சூடு எவ்வளவு, சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு விநாடி முள் இடது கண்ணுக்கு என்ன நிறம், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை எட்டு. கிறுக்குத்தனம் என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்த நோட்டு சொன்ன மாதிரி வேறு யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

உச்சி வெயில்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். நோட்டில் பார்த்தால் மோசமான நேரம் சாயங்காலம் ஐந்து, ஆறு. வெளியே வெயில் தணிந்திருக்கும், என் முள் மட்டும் மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. உடம்பின் உள்சூடே ஒரு நாளில் ஏறி இறங்குவது. விடிவதற்கு முன்னால் மிகக் குறைவு, பிற்பகலுக்கு மேல் அந்தியில் மிக அதிகம். வித்தியாசம் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை போகும். நமக்குத் தேவையே அரை டிகிரிதானே. அதனால் ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கும் மாலையில் கால் தளரலாம். "வெயிலிலேயே போகவில்லையே" என்று குழம்ப வேண்டாம்.

இன்னொன்று, பெண்களுக்கு. கருமுட்டை வெளிவந்ததிலிருந்து மாதவிலக்கு வரும்வரை உடம்புச் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி வரை கூடுதலாக நிற்கும். என் நோட்டில் மாதத்துக்கு ஒரு முறை பத்து, பன்னிரண்டு நாள் எட்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், பிறகு ஒரே நாளில் குறையும். மூன்று டாக்டர்களிடம் காட்டினேன். இரண்டு பேர் நோட்டைத் திறக்கவில்லை.

மூன்றாமவர் திறந்தார். அவரிடம்தான் இன்றுவரை போகிறேன்.

ஏப்ரல் 9, இரவு 10.45

எட்டு என்றால் எண் இல்லை, காலடி. குறைவான எட்டு என்றால் நீட்டி வைத்து நடக்கிறேன் என்று அர்த்தம். கேட்டவருக்கு.

ஏப்ரல் 10, காலை 11.00

தனிச் செய்தியில் ஒருவருக்கு "ஃபேனைப் போட்டுக்கொண்டு கீழே உட்காருங்கள், சரியாகிவிடும்" என்று எழுதினேன். போட்டாராம், இன்னும் மோசமானதாம். மன்னிக்கவும், தப்பு என்னுடையது.

ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை, நகர்த்துகிறது. அறைக் காற்று தோலைவிடச் சூடாக இருந்தால், அதாவது ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் போய்விட்டால், ஃபேன் வெந்நீருக்குப் பதில் வெங்காற்றை ஊற்றுகிறது, அவ்வளவுதான். நம்மைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் பைசாப் பிரயோஜனம் இல்லை. இதில் எம்.எஸ். இன்னொரு வேலையும் செய்யும்: சிலருக்கு வியர்வையே சரியாகச் சுரக்காது, வியர்வைக்குக் கட்டளை போகிற பாதையும் நரம்புதானே.

எனவே, தோல் காய்ந்திருந்தால் முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழே தண்ணீரால் ஈரப்படுத்திவிட்டு ஃபேன் முன்னால் உட்காருங்கள். நாம் சுரக்காத வியர்வையை வெளியிலிருந்து கடன் வாங்குவது. காற்றில் ஈரப்பதம் மிக அதிகமென்றால் இந்தக் கடனும் செல்லாது, குளிர்ந்த அறைக்கோ குளிர்ந்த தண்ணீருக்கோதான் போக வேண்டும்.

ஏப்ரல் 13, மாலை 4.30

கூலிங் வெஸ்ட், அதாவது உடம்பைக் குளிரவைக்கிற கையில்லாத மேலாடை பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

மூன்று வகை பார்த்திருக்கிறேன். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுவது: இலேசு, ஆனால் மேலே சொன்ன ஆவியாதல் கணக்குதான், புழுக்கத்தில் ஈரச் சட்டை போட்ட மாதிரி இருக்கும், வேறொன்றும் நடக்காது. ஐஸ் பொட்டலம் செருகுவது: முதல் பத்து நிமிடம் சொர்க்கம், தோளில் இரண்டு கிலோ, ஐஸ் பட்ட இடத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். மூன்றாவது, ஐஸ் அளவுக்குக் குளிராமல் 15 டிகிரிக்குப் பக்கத்தில் உருகுகிற ஒருவகை மெழுகு மாதிரிப் பொருளை அடைத்தது. தோலுக்குச் சாந்தம், நேரமும் நிற்கும், ஆனால் மறுபடி உறையவைக்க வேண்டும். நான் இப்போது போடுவது மூன்றாவதைத்தான். உள்ளே போட்டு மேலே தளர்வான சட்டை. பார்த்தால் குண்டு துளைக்காத கவசம் போட்ட அரசியல்வாதி மாதிரி இருக்கும், வணக்கம் வைத்துக்கொண்டே நடக்கலாம்.

இந்த வகை ஆடைகளின் பூர்வீகம் விண்வெளி வீரர்களின் குளிரூட்டும் உடுப்பு. நாசாவோடு சேர்ந்த ஒரு குழு 84 எம்.எஸ். நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. குளிரூட்டிய பிறகு நடையிலும் பார்வையிலும் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன முன்னேற்றம்தான். விளம்பரத்தில் வருகிற மாதிரி வீல்சேரிலிருந்து எழுந்து ஓடவில்லை.

ஆனால் எனக்குப் பெரிய திருப்பம் வெஸ்ட் இல்லை, போடுகிற நேரம். கால் தளர்ந்த பிறகு போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கிளம்புவதற்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்கிறேன். உள்சூட்டை முன்கூட்டியே கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டால், ஏறுவதற்கு அவ்வளவு இடம் கிடைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதையே 16, 17 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் இடுப்புவரை உட்காரவைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள், அதன் பிறகு உடற்பயிற்சியை நன்றாகத் தாங்கினார்கள். படித்துவிட்டு நானும் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினேன். இரண்டே நிமிடம். இரண்டு காலும் மரக்கட்டையாக விறைத்து, ஒன்றையொன்று கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன. தசை இறுக்கம் உள்ளவர்களுக்குக் குளிரும் ஆகாது என்பதை அங்கே கற்றேன். பிடித்திழுக்க மறுபடி அதே மனிதர், அதே இடுப்பு.

இப்போது முழங்கால்வரை, அறைச் சூட்டிலிருக்கும் தண்ணீரில் தொடங்கி, சிறிது சிறிதாகக் குளிர்ந்ததைச் சேர்க்கிறேன். அவசரமே கிடையாது.

ஏப்ரல் 14, காலை 7.00

ஒரு சின்ன அதிசயம். ஜில்லென்ற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்த எம்.எஸ். நோயாளிகள் அதிக நேரம் மிதித்தார்கள். உள்சூட்டை அளந்து பார்த்தால், வெதுவெதுத் தண்ணீர் குடித்து மிதித்தபோது இருந்ததைவிட இறங்கியிருக்கவில்லை. வாயிலும் தொண்டையிலும் குளிர் பட்டதே மூளைக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ. அப்படியானால் சோடியம் கதவு, கல், ஆறு என்று நான் அளந்ததெல்லாம் கதையின் ஒரு பாதிதான். குடியுங்கள், காரணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 16, இரவு 9.00

நோயை விடுங்கள், வீட்டில் நடக்கிற ஜன்னல் போரைப் பற்றி யாரும் பேசுவதில்லையே. நான் ஏசியை இறக்குவேன், இவர் ஏற்றுவார். நள்ளிரவில் ரிமோட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துத் தூங்குகிற வயதா இது? இப்போது சமாதான உடன்படிக்கை: எனக்கு ஏசி, அவருக்கு இரண்டு கம்பளி. என் கட்டில் பக்கம் மட்டும் ஃபேன்.

வெளியே இன்னும் கஷ்டம். காலையில் படியேறி வந்தவள் மாலையில் கைத்தடி கேட்டால், "காலையில நல்லாத்தானே இருந்தீங்க?" என்று ஒரு பார்வை. நடிப்பு என்று நினைக்கிறார்கள். நல்லாத்தான் இருந்தேன். மாலையில் இல்லை. இரண்டுமே உண்மை. விளக்கி விளக்கி வாய் வலித்து இப்போதெல்லாம் "சாயந்திரம் பேட்டரி இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். உடனே புரிந்துகொள்கிறார்கள். போன் வந்ததில் இது ஒரு லாபம்.

ஏப்ரல் 21, அதிகாலை 5.15

இதை எழுதத்தான் இரண்டு நாளாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரக் கடைசியில் நல்ல வெயில். வெள்ளி மாலை கால் தளர்ந்தது. வழக்கம்தான் என்று ஃபேன், ஈரத் துணி, வெஸ்ட். சனிக்கிழமை காலை எழுந்தால் தளர்ச்சி அப்படியே இருக்கிறது. விடியற்காலைதான் எனக்கு நல்ல நேரம் என்று என் நோட்டே சொல்கிறது. ஆனாலும் "ராத்திரி புழுக்கம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலிலிருந்து இறங்கக் கால் தரையில் ஊன்றவில்லை. ஊருக்கெல்லாம் இங்கே பாடம் எடுக்கிறவள், தெர்மாமீட்டரை மூன்று நாளாகத் தொடவே இல்லை. கடைசியில் வைத்துப் பார்த்தால் 37.9. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது.

சிறுநீர்த் தொற்று.

எரிச்சல் இல்லை, வலி இல்லை. அந்தப் பகுதியில் எனக்கு உணர்ச்சி குறைவு, எரிச்சல் இருந்தாலும் தெரிந்திருக்காது. மற்றவர்களுக்கு எரிச்சல் சொல்கிற செய்தியை எனக்குக் கால்தான் சொன்னது. தொற்றுக் காய்ச்சல் உள்ளிருந்து ஏற்றுகிற சூடு, அதற்கு வெஸ்ட் என்ன செய்யும்? ஆன்டிபயாட்டிக் தொடங்கி, காய்ச்சல் இறங்கி, இரண்டாம் நாள் கால் பாதி திரும்பியது. இப்போது முக்கால்.

ஆகவே ஏப்ரல் 3 அன்று எழுதியதைத் திருத்துகிறேன். வெளிச்சூட்டால் வந்த தளர்ச்சி, உடம்பு குளிர்ந்தால் சில நிமிடத்திலோ சில மணியிலோ போக வேண்டும். போகவில்லையா, "வெயில்" என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதலில் தெர்மாமீட்டரை வையுங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய தொல்லை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது ரிலாப்ஸாக, அதாவது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சல் இருந்தாலும் போகத்தான் வேண்டும், தொற்றைத் தேட. ரிலாப்ஸ் என்று நினைத்துத் தொற்று இருப்பதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு ஏற்றினால் அது வேறு வம்பு.

வெயில் விஷமில்லை என்று எழுதியது சரிதான். எல்லாவற்றுக்கும் வெயிலைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிற என் பழக்கம்தான் விஷம்.

ஏப்ரல் 22, மதியம் 12.40

தொற்று எப்படி வந்தது என்று யோசித்ததில் குற்றவாளி நானேதான். அடக்க முடியாமல் சிறுநீர் வருவது நம்மில் பாதிப்பேருக்குத் தெரிந்த தொல்லை. வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிக்க மாட்டேன். அன்றும் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுக் காலையிலிருந்து மாலைவரை ஒரு டம்ளர்தான். தண்ணீர் குறைந்தால் வியர்வை குறையும், உடம்பு சூடாகும். சிறுநீர் தேங்கினால் தொற்று வளரும், இன்னும் சூடாகும். கழிப்பறையைத் தேடி ஓட வேண்டாம் என்று குடிக்காமல் இருந்தேன். ஓட வேண்டிய அவசியம் வரவே இல்லை, கால் இருந்தால்தானே.

இதில் இன்னொரு முடிச்சு. சிறுநீர் அவசரத்துக்கு ஆக்சிபியூட்டினின் மாதிரி மாத்திரை பலர் சாப்பிடுகிறோம். அந்த வகை மாத்திரைகள் வாயை உலர்த்துவது எல்லோருக்கும் தெரியும். வியர்வையையும் குறைக்கும். வெயில் காலத்தில் இதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள், மாற்று வகைகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு இதை எழுதிக்கொடுத்தவர் ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட வியர்வையைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, வியர்க்காமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 27, மாலை 5.50

"அப்படியானால் உடற்பயிற்சியே வேண்டாம்தானே?" என்று தம்பி கேட்கிறார். ஆசை தெரிகிறது.

பழைய டாக்டர்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். உஹ்தாஃப் புண்ணியத்தில் எம்.எஸ். நோயாளி என்றால் படுத்திரு, உடம்பைச் சூடாக்காதே. இப்போது தலைகீழ். பயிற்சி நடைக்கும், சோர்வுக்கும், மனசுக்கும் நல்லது, அதனால் வருகிற மங்கல் இளைப்பாறினால் போய்விடும் என்று தெரிந்துவிட்டது. மங்கினால் நிறுத்துங்கள், உடம்பைக் குளிரவிடுங்கள், மறுபடி தொடங்குங்கள். காலையில் செய்யுங்கள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளம் நல்லது, ஆனால் வெந்நீர்க் குளமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கென்று சூடாக வைத்திருக்கிற குளத்தில் இறங்கி நான் ஏறிவர நாலு பேர் தேவைப்பட்டது.

கார் ஓட்டுபவர்கள்: வெயிலில் நிறுத்தியிருந்த காரில் ஏறி உடனே கிளம்பாதீர்கள். உள்ளே குளிரும்வரை வெளியே நில்லுங்கள். மங்கல் போன பிறகுதான் ஸ்டியரிங். சிவப்பு விளக்கு மண் நிறமாகத் தெரிவது வீட்டில் வேடிக்கை, சாலையில் இல்லை.

மே 2, இரவு 8.15

ஃபாம்பிரிடின் பற்றிக் கேட்டவருக்கு. சோடியம் கதவு சீக்கிரம் சாத்திக்கொள்வது ஒரு பக்கம் என்றால், பொட்டாசியம் கதவு திறந்து துடிப்பை அணைப்பது இன்னொரு பக்கம். இந்த மாத்திரை பொட்டாசியம் கதவை அடைக்கிறது, துடிப்பு கொஞ்சம் நீள்கிறது, அடுத்த கல் எட்டுகிறது. 2010இல் அமெரிக்காவில் எம்.எஸ். நடைக்காக அனுமதித்தார்கள். எல்லோருக்கும் கேட்பதில்லை, சிலருக்கு மட்டும் நடை வேகம் கூடும். வலிப்பு வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. எனக்குக் கேட்கவில்லை. என் தோழிக்கு முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது, பொறாமையில் இரண்டு நாள் பேசவில்லை.

மே 9, காலை 6.30

தம்பி எழுதியிருக்கிறார்: ஸ்டூல் வாங்கிவிட்டாராம், வெதுவெதுத் தண்ணீர், வலது கையால் தொட்டுப் பார்த்து. கண் மங்கவில்லை. ஒரு நாள் மட்டும் ஆசைப்பட்டுச் சூட்டை ஏற்றியிருக்கிறார், மங்கியது. பயப்படாமல் ஃபேன் முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பதினோராவது நிமிடம் புகை விலகி எண்கள் தெரிந்தனவாம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். பதினொன்று என்பது நல்ல எண் தம்பி, அடுத்த முறை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். ஸ்டூலின் நாலு காலுக்கும் ரப்பர் மூடி இருக்கிறதா? சோப்பு நுரையில் அது வழுக்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், இவர் இடுப்பு இப்போதுதான் சரியாகியிருக்கிறது.